வட்டக்கோட்டையில் நின்ற வண்டி

கடை திறக்கும் நேரத்தில் பூட்டு திறக்க மறுப்பதும், சரக்கு ஏற்றிய வண்டி கிளம்ப மறுப்பதும் வியாபாரிக்கு ஒரே மாதிரியான சோதனைகள். பூட்டையாவது உடைத்துக்கொள்ளலாம். வண்டியை என்ன செய்வது? 2005இல் டாடா ஏஸ் வந்து, மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்த பிறகு, சிறிய மளிகைக் கடைக்காரர்கள் பலரும் சொந்த வண்டியில் சரக்கு எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் வண்டி திடீரென்று கிளம்பாமல் நின்றால் எதை முதலில் பார்ப்பது என்று நம்மில் அநேகருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரியாமைக்கு நாங்கள் கொடுத்த விலையைச் சொன்னால் மற்ற உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறோம்.

நடந்தது இதுதான்

எங்கள் மொத்தக் கடை கோட்டாறில் இருக்கிறது. அஞ்சுகிராமம், லீபுரம், வட்டக்கோட்டைப் பக்கத்துக் கடைகளுக்கு எங்கள் வண்டிதான் சரக்கு கொண்டுபோகும். சில வருடங்களுக்கு முன்பு ஓர் ஆவணி மாதம். அந்தப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், கல்யாண வீட்டுச் சமையலுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை எல்லாவற்றையும் எங்களிடம் ஆர்டர் கொடுத்திருந்தார். மாலை ஆறு மணிக்குள் சரக்கு சேர வேண்டும் என்பது பேச்சு.

டிரைவர் கோட்டைப் பக்கத்தில் ஒரு கடைக்குச் சரக்கு இறக்கிவிட்டு வந்து சாவியைத் திருப்பினார். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எங்களுக்குப் போன் செய்தார். நாங்கள் விவரம் ஒன்றும் கேட்கவில்லை. "லைட்ட எரியவிட்டுட்டு யார்கிட்டயாவது பேசிக்கிட்டு நின்னிருப்பே, பேட்டரி எறங்கியிருக்கும்" என்று சத்தம் போட்டோம். "பகல் மூணு மணிக்கு நான் எதுக்கு அண்ணாச்சி லைட்டு போடப்போறேன்? இப்பப் போட்டுப் பாத்தேன், நல்லாத்தான் எரியுது" என்றார். அந்த ஒரு பதிலில் பழுது எங்கே இருக்கிறது என்பதற்குப் பாதி விடை இருந்தது. நாங்கள் அதைக் காதில் வாங்கவில்லை.

ஒரு மெக்கானிக்கை அனுப்பினோம். அவர் மீட்டர் எதுவும் வைத்துப் பார்க்காமல் "பேட்டரி போயிட்டு" என்று சொல்லிப் புதிதாக ஒன்றை மாட்டினார். வண்டி கிளம்பியது. சரக்கு போய்ச் சேர இரவு ஒன்பது ஆகிவிட்டது. அதற்குள் கல்யாண வீட்டார் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்கள். கடைக்காரர் எங்கள்மேல் வைத்திருந்த நம்பிக்கையும் அன்றோடு போயிற்று. பேட்டரி விலையில் பாதியை டிரைவர் சம்பளத்தில் பிடித்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. மாதக் கடைசியில் கணக்கை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிட்டார்.

மறு மாதம் எங்கள் கடை வாசலிலேயே, புதுப் பேட்டரியோடு, அதே 'டிக்'. இம்முறை வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். கனமான ஒயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை என்ஜினின் இரும்பிலும் பிடித்துக்கொண்டு, "இப்ப அடிங்க" என்றார். முதல் அடியிலேயே வண்டி கிளம்பியது. என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். அடியில் துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. பேட்டரியும் குற்றமில்லை, டிரைவரும் குற்றமில்லை.

விளக்கு எரியும், செல்ப் எடுக்காது, ஏன்?

இது வியாபாரிக்கு எளிதில் விளங்கும் கணக்கு. ஹெட்லைட் பல்பு ஒன்று சுமார் 5 ஆம்பியர் மின்சாரம்தான் எடுக்கும். செல்ப் மோட்டாரோ 100, 200 ஆம்பியர் கேட்கும். துருப்பிடித்த இணைப்பில் 0.05 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 ஆம்பியர் போகும்போது அங்கே வீணாவது கால் வோல்ட். விளக்கு மங்குவது கண்ணுக்கே தெரியாது. அதே வழியில் 100 ஆம்பியர் போக வேண்டுமென்றால் 5 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 மூட்டை அனுப்பி 7 மூட்டை வந்து சேர்ந்த கதைதான். மோட்டார் எப்படிச் சுற்றும்? அனுப்பிய இடத்தைக் குறை சொல்லாமல், சரக்கு வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

புதுப் பேட்டரி போட்டதும் வண்டி கிளம்பியதே என்று கேட்கலாம். நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி அந்தத் தடையையும் மீறிக் கொஞ்ச நாள் தள்ளும். துரு அதிகமானதும் அதுவும் தோற்றுவிடும்.

இந்தப் பழுது நம் பக்கத்தில் அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. வட்டக்கோட்டை, 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில், 1741 குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு மன்னரிடமே பணிசெய்த டச்சுக்காரர் டிலனாய் பலப்படுத்திய கோட்டை. கடல் அதன் சுவர் வரைக்கும் வருகிறது. கருங்கல் அந்த உப்புக் காற்றைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. நம் வண்டியின் இரும்பு அப்படித் தாங்காது. உப்பு, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் துரு வேகமாகப் பிடிக்கும். கடற்கரை ஓரம் தினமும் போய்வரும் வண்டிக்கு இந்த நினைவு எப்போதும் வேண்டும்.

காதைக் கொடுங்கள், பிறகு காசைக் கொடுங்கள்

வண்டி கிளம்பவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: செல்ப் சுற்றுகிறதா, இல்லையா?

சத்தமும் இல்லை, டேஷ்போர்டில் விளக்கும் இல்லை என்றால் பேட்டரி டெர்மினல் கழன்றிருக்கலாம், மெயின் பியூஸ் போயிருக்கலாம், அல்லது பேட்டரி முழுதும் இறங்கியிருக்கலாம். டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அதுதான் பழுது.

'டிக்டிக்டிக்' என்று வேகமாகச் சத்தம் வந்து விளக்கும் மங்கினால், பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் குறைவு. ஒரே ஒரு 'டிக்' வந்து, விளக்கு மங்காமல் இருந்தால் டெர்மினல், எர்த் ஒயர், செல்ப் மோட்டாரின் கார்பன் பிரஷ், சாலினாய்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

விளக்கு எரிகிறது, சத்தமே இல்லை என்றால் பதற்றப்படாமல் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போதைய வண்டிகள் பலவற்றில் கிளட்சை முழுதும் மிதித்தால்தான் செல்ப் எடுக்கும். அதன் பிறகு பியூஸ், ரிலே.

செல்ப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். அது தன் வேலையைச் செய்துவிட்டது. டேங்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். டீசல் வண்டியில் எண்ணெய் தீர்ந்து மறுபடி ஊற்றியிருந்தால் பைப்பில் காற்று அடைத்திருக்கும்; அதை வெளியேற்ற வேண்டும். இன்ஜெக்ஷன் உள்ள பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் சாவியைத் திருப்பியதும் டேங்க் பக்கம் இரண்டு வினாடி 'ம்ம்' என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்கும். கேட்கவில்லை என்றால் பம்ப், அதன் பியூஸ், ரிலே. டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னிக்கொண்டே இருந்தால், சாவியிலுள்ள சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள்.

மளிகைக்காரர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. நம் குடோனில் எலி உண்டு. குடோன் வாசலில் இரவு முழுதும் நிற்கும் வண்டியின் பானெட்டுக்குள் அது குடியேறும், ஒயரைக் கடிக்கும். காலையில் வண்டி கிளம்பவில்லை என்றால் பானெட்டைத் திறந்து, கடித்த ஒயரோ எலிப் புழுக்கையோ இருக்கிறதா என்று பாருங்கள்.

மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள்

சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. தராசு இல்லாமல் நாம் சரக்கு வாங்குவதில்லை. மீட்டர் வைத்துப் பார்க்காமல் பேட்டரி மட்டும் ஏன் வாங்க வேண்டும்? ஓடாமல் சில மணி நேரம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கிறது. 12 அளவில் இருந்தால் ஏறக்குறைய இறங்கிவிட்டது. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். அதற்கு மிகவும் குறைந்தால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள். செல்ப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் என்ஜின் இரும்புக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரில் பழுது. எங்களிடம் அன்று இந்த மீட்டர் இருந்திருந்தால் ஒரு பேட்டரியும் மிஞ்சியிருக்கும், ஒரு மனிதரும் மிஞ்சியிருப்பார்.

செய்யக்கூடாதவை

செல்பைத் தொடர்ந்து பத்து வினாடிக்கு மேல் அடிக்கக்கூடாது. அரை நிமிடமாவது விட்டு மறுபடி அடிக்க வேண்டும். இல்லையென்றால் மோட்டார் சூடாகிக் கருகும். லோடு ஏற்றிய வண்டியைச் சரிவில் தள்ளி ஸ்டார்ட் செய்ய வேண்டாம். என்ஜின் ஓடாதபோது பிரேக்கும் பவர் ஸ்டீயரிங்கும் கல்லாக இருக்கும்.

வேறு வண்டியிலிருந்து கரண்டு எடுக்கும்போது சிவப்பு ஒயரை முதலில் நின்ற வண்டியின் பிளஸில், பிறகு நல்ல வண்டியின் பிளஸில் மாட்ட வேண்டும். கறுப்பை நல்ல வண்டியின் மைனஸில் மாட்டி, அதன் மறு முனையை நின்ற வண்டியின் என்ஜின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும்; பக்கத்தில் பொறி பறந்தால் வெடிக்கும். பீடி, சிகரெட் பக்கத்தில் கூடாது.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது பிளஸ் முதலில். சுத்தம் செய்ய வெளியே தேட வேண்டாம். நம் கடையில் விற்கும் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினால் போதும். கரைசல் பேட்டரிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உலர்ந்தபின் மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். கடற்கரை ஓடும் வண்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இதையும் எர்த் போல்ட்டையும் பார்த்துவிடுவது நல்லது.

கணக்கை நேர் செய்தோம்

உண்மை தெரிந்த மறுநாள், பிடித்த பணத்தை எடுத்துக்கொண்டு டிரைவர் வீட்டுக்குப் போனோம். "தப்பு எங்க மேலதான் தம்பி" என்று சொன்னோம். பணத்தை வாங்கிக்கொண்டு காபி கொடுத்தார். வேலைக்குத் திரும்பி வாருங்கள் என்று கேட்டோம். "வேற எடத்துல சேந்துட்டேன் அண்ணாச்சி" என்றார். அதற்குமேல் கேட்க எங்களுக்கு முகம் இல்லை.

அதன் பிறகு எங்கள் வண்டிகள் ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை எழுதி ஒட்டியிருக்கிறோம். வண்டி நின்றால் டிரைவர் எங்களுக்குச் சொல்ல வேண்டியவை மூன்று: செல்ப் சுற்றுகிறதா, என்ன சத்தம் வருகிறது, விளக்கு எப்படி எரிகிறது. அட்டையின் கீழே எங்களுக்காக ஒரு வரியும் எழுதியிருக்கிறோம்: பதிலை முழுதும் கேட்டபின் பேசு.