இத்தாலியன் படிக்கத் தமிழ் கைகொடுக்கும்!

(முன்னாள் மாணவர், மெக்கானிக்கல் பிரிவு)



வோல்ட், கால்வனைசிங், வெஞ்சூரி மீட்டர்... நம்ம லேபில் தினமும் புழங்கும் சொற்கள். இவற்றுக்குப் பெயர் தந்த வோல்டா, கால்வானி, வெஞ்சூரி மூவரும் இத்தாலியர்கள். ஆகவே அந்த நாட்டோடு நமக்கு ஏற்கெனவே அறிமுகம் உண்டு. மொழிதான் பாக்கி!

மேற்படிப்புக்கு இத்தாலி போகும் நம் மாணவர்கள் இன்று பலர். துரின், மிலான் நகரப் பல்கலைக்கழகங்களில் பொறியியல் முதுகலை வகுப்புகள் பல ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. ஆனால் வகுப்பை விட்டு வெளியே வந்தால் வாடகைப் பத்திரம், டாக்டர், மளிகைக் கடை எல்லாமே இத்தாலியன்தான். அதற்காகப் பல்கலைக்கழக மொழி மையத்தில், ஒரு சொல்கூடத் தெரியாதவர்களுக்கென்று நடக்கும் ஆரம்ப வகுப்பில் சேர்ந்தேன். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவன் நான்.

"இங்கிலீஷே நமக்குத் தகராறு, இதுல இன்னொரு மொழியா?" என்று ஒதுங்கும் தம்பிகள் உண்டு. நல்ல மார்க் இருந்தும் மொழிப் பயத்தினாலேயே விண்ணப்பம் போடாதவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். சொல்ல வருவது ஒன்றுதான்: இத்தாலியனுக்குள் ஆங்கில வாசல் வழியாகப் போகாதீர்கள். தமிழ் வாசல் பக்கத்திலேயே திறந்திருக்கிறது.

எழுத்தும் ஓசையும்

இத்தாலியனில் 21 எழுத்துக்கள்தான். எழுதியபடியே பெரும்பாலும் படிக்கலாம். ஆங்கிலத்தில் 'சி' என்று சொல்கிறோமே, அந்த எழுத்து அ, ஒ, உ ஓசைகளுக்கு முன்னால் 'க' ஆகும். எ, இ ஓசைகளுக்கு முன்னால் 'ச்ச' ஆகும். 'காசா' என்றால் வீடு, 'ச்சேனா' என்றால் இரவுச் சாப்பாடு. இதில் திகைக்க என்ன இருக்கிறது? 'கல்', 'பங்கு', 'அகம்' மூன்றிலும் ஒரே 'க'தான். இடத்தைப் பார்த்து ஓசையை மாற்றிச் சொல்கிறோம் இல்லையா?

படம் வேறு, பட்டம் வேறு. பலி வேறு, பல்லி வேறு. இத்தாலியனிலும் இதே கதை. 'நோனோ' என்றால் ஒன்பதாவது, 'நொன்னோ' என்றால் தாத்தா. 'சேத்தே' என்று மென்மையாகச் சொன்னால் தாகம், அதையே அழுத்திச் சொன்னால் ஏழு. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இந்த இரட்டிப்புக்கு ரொம்பவே திணறுவார்கள். நமக்கு அது பிறவிச் சொத்து. 'ஞ' ஓசையும் அப்படியே. மலைக்கு 'மொந்தாஞ்ஞா'. 'ஞாயிறு' சொல்லத் தெரிந்தவனுக்கு அது பெரிய மலை இல்லை!

ஒரு எச்சரிக்கை. 'பாஸ்தா' என்ற சாப்பாட்டுக்கும், 'போதும்' என்று பொருள்படும் 'பாஸ்தா'வுக்கும் முதல் எழுத்து வேறு. முதலாவது 'பல்' என்பதில் வரும் ப. இரண்டாவது 'பஸ்' என்பதில் வரும் ப. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆகவே காதால் தமிழோடு ஒப்பிடுங்கள்; நோட்டில் மட்டும் அவர்கள் எழுத்திலேயே எழுதுங்கள்.

வினைச்சொல்லின் வால்

'பேசுகிறேன்' என்றாலே 'நான்' உள்ளே இருக்கிறது. இத்தாலியனில் 'பார்லோ' என்றால் பேசுகிறேன், 'பார்லி' பேசுகிறாய், 'பார்லியாமோ' பேசுகிறோம், 'பார்லனோ' பேசுகிறார்கள். வாலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம்! அதனால் 'நான்', 'நீ' என்ற சொற்களை அவர்களும் நம்மைப் போலவே விட்டுவிடுவார்கள். ஒரு வித்தியாசம்: பேசுகிறான், பேசுகிறாள் இரண்டுக்கும் அங்கே 'பார்லா' ஒன்றே.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். 'எனக்குக் காபி பிடிக்கும்' என்கிறோம். அவர்கள் 'மி பியாச்சே' என்று தொடங்குவார்கள். 'மி' என்பது 'எனக்கு', 'நான்' அல்ல. நமது நான்காம் வேற்றுமை அப்படியே! ஆங்கிலத்தில் யோசித்துக்கொண்டு வருபவர்கள் வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். நாம் திருப்பவே வேண்டாம்.

மரியாதையும் உண்டு. நண்பனுக்கு 'தூ', அதாவது நீ. தெரியாதவர், பெரியவர் என்றால் 'லேய்'. இந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'அவள்'! ஆணாக இருந்தாலும் மரியாதைக்கு இதுதான். நாம் பன்மையில் மரியாதை காட்டுகிறோம், அவர்கள் படர்க்கையில் காட்டுகிறார்கள். 'ச்சாவ்' என்ற வணக்கமும் பழகியவர்களுக்கு மட்டுமே, மற்றவர்களுக்கு 'புவோன்ஜோர்னோ'. அந்த 'ச்சாவ்' வெனிஸ் நகரப் பேச்சில் 'உங்கள் அடிமை' என்ற பொருளில் பிறந்தது. நம்ம 'அடியேன்' மாதிரி!

கஷ்டமும் உண்டு

எல்லாம் சுலபம் என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. நாற்காலி பெண்பால், மேஜை ஆண்பால்! தமிழில் உயிரில்லாதது எல்லாம் அஃறிணை. அங்கே ஒவ்வொரு பெயருக்கும் பால் உண்டு. 'ஓ'வில் முடிந்தால் ஆண், 'ஆ'வில் முடிந்தால் பெண் என்பது பொது விதி. ஆனால் கை என்று பொருள்படும் 'மானோ' பெண்பால். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒரு சிறு சொல் வேறு வர வேண்டும். அதற்கு ஏழு வடிவம். தமிழில் இதற்கு இணையே இல்லை. எனவே சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், 'லா சேதியா' (நாற்காலி), 'இல் தாவோலோ' (மேஜை) என்று சேர்த்தே படிக்க வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

பரீட்சையும் காபியும்

அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் 30 மார்க். 18 எடுத்தால் பாஸ். பல பாடங்களில் நம்ம வைவா மாதிரி பேராசிரியருக்கு எதிரே உட்கார்ந்து வாயால் பதில் சொல்லும் தேர்வும் உண்டு. பரீட்சைக்குப் போகிறவனை, 'இன் போக்கா அல் லூப்போ' என்று வாழ்த்துவார்கள். 'ஓநாயின் வாய்க்குள் போ' என்று அர்த்தம்! அதற்குப் பதில் 'க்ரேப்பி', அதாவது 'அது சாகட்டும்'.

'பார்' என்ற பலகையைப் பார்த்துத் தயங்காதீர்கள். அது காபிக் கடைதான். நின்றபடியே சின்னக் கோப்பையில் இரண்டு மடக்கு; முடிந்தது. பால் கலந்த கப்புச்சீனோ காலைப் பொழுதுக்கு உரியது. சாப்பாட்டுக்கு மேல் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் வெளியூர்க்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இத்தாலியரும் படித்துத்தான் கற்றார்கள்

இத்தாலி ஒரே நாடானது 1861-இல். அப்போது இந்தப் பொதுமொழியைப் பேசத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. நேப்பிள்ஸ், வெனிஸ், சிசிலி என்று ஊருக்கு ஊர் வெவ்வேறு பேச்சு. தாந்தே (1265–1321) லத்தீனை விட்டுத் தன் ஃபுளோரன்ஸ் மக்களின் மொழியில் பெருங்காப்பியம் எழுதினார். பின்னால் வந்த எழுத்தாளர்கள் பலர் அந்த மொழியையே முன்மாதிரியாகக் கொண்டார்கள். அதுவே பள்ளிக்கூட மொழியும் ஆயிற்று. வீட்டில் ஒன்று, ஏட்டில் ஒன்று என்பது நமக்கும் புதிதல்லவே!

1960 முதல் 1968 வரை ஆல்பர்த்தோ மான்சி என்ற பள்ளி ஆசிரியர், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு அரசுத் தொலைக்காட்சியில் பாடம் நடத்தினார். 'ஒருபோதும் தாமதமில்லை' என்பதே நிகழ்ச்சியின் பெயர்.

எதிர்த்திசையில் வந்தவர் ஒருவரையும் நினைத்துப் பாருங்கள். 1680-இல் வட இத்தாலியில் பிறந்த பெஸ்கி பாதிரியார், முப்பது வயதை ஒட்டித் தமிழகம் வந்து, தமிழை முதல் எழுத்திலிருந்து கற்றார். 'தேம்பாவணி' பாடினார், 1732-இல் 'சதுரகராதி' தந்தார். ஆம், நம் வீரமாமுனிவர்தான்!

நீங்கள் காப்பியம் பாட வேண்டியதில்லை. ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு படி ஏறினாலே கடை, பஸ், வாடகை எல்லாம் சமாளிக்கலாம். தினம் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். வாய்விட்டுப் படியுங்கள். புது இலக்கணம் வரும்போதெல்லாம், "இதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்?" என்று முதலில் கேளுங்கள். பாதி இடங்களில் விடை கையிலேயே இருக்கும். மீதிக்குத்தான் உழைப்பு.

விண்ணப்பம் போட நினைக்கும் தம்பி தங்கைகளே, மார்க் ஷீட்டை எடுங்கள். மொழிக்காக மட்டும் பின்வாங்காதீர்கள்!