உல்லன் சடையில் கிளிப் மாட்டலாம்

சிறுமிகள் தலையில் வைக்கும் போ கிளிப்பில் இரண்டு பாகங்கள். மேலே, ரிப்பனை மடித்து நடுவில் இறுக்கிக் கட்டிய முடிச்சு. அடியில் அதைத் தாங்கும் உலோகக் கவ்வி. டப்பாவில் போட்டு வைத்தால் முதலில் கெடுவது முடிச்சுதான். மற்ற கிளிப்புகளின் எடையில் மடிப்பு நசுங்கும், வலைத்துணி கவ்வியின் பல்லில் சிக்கும், ஜோடியில் ஒன்று அடியில் போய் ஒளிந்துகொள்ளும். பள்ளி வேன் வரும் நேரத்தில் டப்பாவைத் தரையில் கொட்டித் தேட வேண்டியதுதான். தொங்கவிட்டு வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. முடிச்சு நசுங்காது, எது எங்கே என்று பார்த்ததும் தெரியும்.

இதற்கு மிக எளிய மாட்டி, ஒரு கம்பிலிருந்து தொங்கும் ரிப்பன் பட்டைகள். பழைய எம்பிராய்டரி வளையமோ ஒரு அடி மர ஸ்கேலோ கம்புக்குப் போதும். கவனிக்க வேண்டியது பட்டையின் அகலம். வழக்கமான போ கிளிப்பின் கவ்வி நாலரை செ.மீ நீளம் இருக்கும். ஒரு அங்குல ரிப்பனைக் குறுக்காக முழுதும் கவ்வி அது நேராக நிற்கும். இரண்டு அங்குல ரிப்பனில் கவ்வியின் முனை மறு ஓரத்தை எட்டாது. கிளிப் சாய்ந்து தொங்கும். வழவழப்பான சாட்டினும் உதவாது, கிளிப் மெல்ல வழுக்கி இறங்கிவிடும். நெசவின் வரிகள் விரலில் படும் சொரசொரப்பான ரிப்பன்தான் பிடித்து நிறுத்தும். வெட்டிய நுனியை மெழுகுவர்த்திச் சுடரின் அருகே ஒரு நொடி காட்டினால் இழைகள் உருகி ஒட்டிக்கொள்ளும், பிரியாது. நைலானுக்கும் பாலியெஸ்டருக்கும் மட்டுமே இது பொருந்தும். பருத்தி நாடா பற்றிக்கொள்ளும். அதை மடித்துத் தைக்க வேண்டும்.

வேலைக்குப் பட்டைகளே போதும். ஆனால், கிளிப்பைக் கழற்றிய கையோடு குழந்தையே மாட்டி வைக்க வேண்டுமென்றால் அதில் கொஞ்சம் வேடிக்கை இருக்க வேண்டும். அதற்கு ஏற்றது இரட்டைச் சடைப் பொம்மை. வட்ட முகம், நடு வகிடு, இரண்டு பக்கமும் உல்லன் நூல் சடை, நுனியில் குஞ்சலம். தலையில் வைக்கிற மாதிரியே பொம்மையின் சடையிலும் கிளிப்பை வைக்கலாம்.

முகத்துக்குப் பாட்டுக் கேட்டு ஓய்ந்த பழைய சிடி ஒன்று போதும். 12 செ.மீ குறுக்களவு, எளிதில் வளையாது, நடுவில் ஓட்டையும் தயாராக இருக்கிறது. அந்த ஓட்டையில் உறுதியான கயிற்றைக் கோத்து, மேல் விளிம்பைச் சுற்றி இறுக்கி முடிந்து, பின்பக்கம் சிறிய கண்ணி ஒன்று விட வேண்டும். பொம்மை சுவரில் நிற்பது இந்தக் கண்ணியால்தான். பிறகு 18 செ.மீ வட்டத் துணி. அதில் கண், புருவம், வாய், நெற்றிப் பொட்டு எல்லாவற்றையும் முதலிலேயே நூலால் தைத்துவிட வேண்டும். துணியின் ஓரத்தில் சுற்றிலும் ஓட்டுத் தையல் போட்டு, உள்ளே கொஞ்சம் பஞ்சும் சிடியும் வைத்து நூலை இழுத்தால் துணி பின்பக்கம் சுருங்கி இறுகும். கண்ணி மட்டும் வெளியே நிற்கும்.

தலைமுடிக்குக் கணக்கு கொஞ்சம் உண்டு. பின்னும்போது நீளம் குறையும் என்பதால், 40 செ.மீ சடைக்கு 55 செ.மீ நூல் விட வேண்டும். இரண்டு சடைக்கு 110. காதிலிருந்து உச்சி வழியாக மறு காதுக்கு இறங்க இன்னும் 20. ஆக, ஓர் இழை 130 செ.மீ. ஒவ்வொன்றாக அளந்து வெட்டத் தேவையில்லை. இரண்டு நாற்காலிகளை 65 செ.மீ இடைவெளியில் வைத்து நூலை 60 சுற்று சுற்றி, ஒரு பக்கம் மட்டும் கத்தரித்தால் எல்லா இழையும் ஒரே அளவில் வரும். 80 மீட்டருக்குள் நூல் அடங்கிவிடும்.

இழைகளின் நடுப்பகுதியை ஆறு செ.மீ அகலத்துக்குப் பரப்பி, அடியில் கறுப்பு நாடா வைத்து, நடுவில் நெருக்கமாகத் தைத்தால் அதுவே வகிடு. நாடாவை நெற்றியிலிருந்து பின்தலைவரை முகத்துணியோடு சேர்த்துத் தைக்க வேண்டும். குளூ கன் வேலையைச் சீக்கிரம் முடிக்கும்தான். ஆனால் அந்தப் பசை சூட்டில் உருகும் வகை. மதிய வெயில் விழும் சுவரில் இளகும். எடை தாங்கும் இடத்துக்குத் தையலே மேல்.

காதருகே இரண்டு பக்கமும் கட்டி, பக்கத்துக்கு 60 இழையை இருபது இருபதாகப் பிரித்து மூன்று கால் பின்னல் போடலாம். இறுக்கிப் பின்னினால் பார்க்க அழகு, ஆனால் கிளிப் நுழையாது. தளர விட வேண்டும். முழுச் சடையையும் கவ்வ கிளிப்பின் வாய் போதாது என்பதால், மூன்றில் ஒரு காலை மட்டும் கவ்வினால் போதும். பல் வைத்த கிளிப்புகள் உல்லனை இழுத்துப் பிசிர் கிளப்பும். அவற்றுக்காகச் சடையின் பின்னால் ஒரு அங்குல ரிப்பன் ஒன்றை ஆங்காங்கே தைத்து ஓடவிடலாம். கிளிப்புக்கு ஐந்து செ.மீ இடம் என்று வைத்தால் சடைக்கு எட்டு பிடிக்கும். ஜோடியில் ஒன்றை இடப்பக்கமும் மற்றதை அதே உயரத்தில் வலப்பக்கமும் வைத்தால், எது தொலைந்தது என்று வெற்றிடமே காட்டிக்கொடுக்கும்.

பட்டுப் பாவாடையில் மிஞ்சிய துண்டைப் பொம்மைக்குச் சட்டையாக வைக்க ஆசை வரும். வைக்கலாம், கிளிப் தொங்கும் இடத்துக்குச் சரிகை வராமல் பார்த்துக்கொண்டால் சரி. சரிகை இழையில் வலைத்துணி சிக்கிக் கிழியும்.

ஹேர்பேண்டுகள் சடையில் நிற்காது. அவற்றை ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலில் வரிசையாக மாட்டி, பள்ளி ரிப்பனைச் சுருட்டி உள்ளே போடலாம்.

நம் வீடுகளில் இந்த மாட்டிக்கு வரும் பெரிய சோதனை தேங்காய் எண்ணெய். எண்ணெய் தேய்த்த தலையிலிருந்து கழற்றும் கிளிப் ஒவ்வொன்றும் கொஞ்சம் பிசுக்கைக் கொண்டுவந்து பூசும். அதில் தூசியும் சேர்ந்தால் சடை சில மாதங்களில் அழுக்காகிவிடும். பின்னால் ஓடும் ரிப்பனை பிரஸ் பட்டன் வைத்துத் தைத்தால் தனியே கழற்றித் துவைக்கலாம். ஈரத் தலையிலிருந்து எடுத்த கிளிப்பைத் துடைத்த பிறகே மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் கவ்வி துருப்பிடித்து, கறை ரிப்பனில் ஏறும். துருக்கறை துவைத்தாலும் எளிதில் போகாது.

ஐந்து வயதுச் சிறுமியின் உயரம் சுமார் 110 செ.மீ. பொம்மையின் முகம் அவள் கண் மட்டத்தில் இருந்தால் சடை நுனிவரை கை எட்டும். வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் பட்டன், மணி, கல் எதையும் பொம்மையில் வைக்காதீர்கள். பிய்ந்தால் வாய்க்குள் போகும். தொட்டிலுக்கு அருகிலும் குழந்தை தூங்கும் கட்டிலுக்கு மேலும் இதை மாட்ட வேண்டாம்.