பயணியாக ஏறி, சரக்காக இறங்கி...

காலை ஏழரை மணி. மயாமியிலிருந்து நேற்று மாலை கிளம்பிய கப்பல் கரிபியன் தீவுகளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. இன்று எந்தத் துறைமுகமும் இல்லை. நாள் முழுக்கத் தண்ணீர்தான். மேல்தளத்து பஃபே கூடத்தின் வாசலில் கிருமிநாசினிப் புட்டியோடு நிற்கும் பணியாளர், "வாஷி வாஷி, ஹேப்பி ஹேப்பி" என்று ராகம் போடுகிறார். கையை நீட்டித் தெளித்துக்கொண்டு உள்ளே போனால் முதலில் ஆம்லெட் மேடை. அப்புறம் வாஃபிள், பான்கேக், வெண்ணெய் மினுக்கும் குரோசான், வறுத்த பன்றிக்கறி, பழக்குவியல், ஏழெட்டு வகைச் சீஸ். தட்டோடு வரிசையில் நகரும் ஒருவர் "சும்மா ருசி பார்க்க" என்று எல்லாவற்றிலும் ஒன்று எடுக்கிறார். மேஜைக்கு வந்து சேரும்போது தட்டின் ஓரத்தில் குரோசான் சரிந்து தொங்குகிறது. பான்கேக்குக்கு ஊற்றிய பாகு ஆம்லெட்டுக்குள் ஓடிவிட்டது. பழத்துக்குத்தான் இடமில்லாமல் போயிற்று.

கப்பல் பயணிகளிடையே ரொம்ப நாளாக ஓடும் நக்கல் ஒன்று உண்டு: எல்லாரும் பயணியாக ஏறுவார்கள், சரக்காக இறங்குவார்கள்.

டயட்டில் இருப்பவர் சொகுசுக் கப்பல் ஏறுவது, விரதம் இருப்பவர் சமையல்கட்டில் பாய் விரிப்பது மாதிரி. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலையே எடுத்துக்கொள்வோம். 365 மீட்டர் நீளம், 20 தளங்கள், 7,600 பேர் வரை பயணிகள். சாப்பிடவும் குடிக்கவும் 40க்கும் மேற்பட்ட இடங்கள். அதே நிறுவனத்தின் 'சிம்ஃபனி ஆஃப் தி சீஸ்' ஒரு வாரப் பயணத்துக்கு ஏற்றிக்கொள்ளும் முட்டை மட்டும் ஏறத்தாழ 60,000. பயணிகள், ஊழியர்கள் எல்லாரையும் சேர்த்து வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு முட்டை வருகிறது. அப்படிச் சொன்னால் சாதுவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முட்டையில் பாதி எந்த கேக்குக்குள் போகிறது, எந்த கஸ்டர்டுக்குள் கரைகிறது என்பது சமையலறைக்குத்தான் வெளிச்சம்.

ஒரு வாரக் கப்பல் பயணத்தில் மூன்று கிலோ ஏறிவிடும் என்று பலரும் சத்தியம் செய்வார்கள். கொஞ்சம் கணக்குப் போடலாம். ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர, தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். மூன்று கிலோவுக்கு 23,000. அதாவது வழக்கமான சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு, அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் 3,300 கலோரி. ஒரு நாள் முடியும். ஏழு நாளும் விடாமல் செய்ய அசாத்தியமான வயிறு வேண்டும். அப்படியானால் வீட்டுக்கு வந்து எடைக்கருவியில் ஏறும்போது காட்டும் மூன்று கிலோ? பெரும்பாலும் தண்ணீர். உணவக உப்பு உடம்பில் நீரைப் பிடித்துவைக்கும். போதாததற்கு, மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைக் கூட்டிக்கொண்டு வரும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிய சில நாளில் இந்தத் தண்ணீர் வடிந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு இன்னொரு தட்டு எடுக்கக் கிளம்புகிறவர்கள் ஒரு நிமிடம் நிற்கவும். அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒன்று முதல் மூன்று வாரம் வரை விடுமுறை போன 122 பேரைப் போவதற்கு முன்பும், வந்த பின்பும், ஆறு வாரம் கழித்தும் எடை பார்த்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வில், விடுமுறையில் கூடிய எடை சராசரியாக 0.32 கிலோ. கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். வம்பு என்னவென்றால், ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது இறங்கவில்லை. அமெரிக்கப் பண்டிகைக் காலத்தைப் பற்றி 2000ஆம் ஆண்டில் வந்த வேறோர் ஆய்விலும் இதே கதைதான். 195 பேருக்குச் சராசரியாக ஏறியது 0.37 கிலோ. ஏறியதாக அவர்களே நினைத்துக்கொண்டதோ அதைப்போல நான்கு மடங்கு! வந்த எடை போகாமல் தங்கிவிட்டது என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு பயணம், பயணத்துக்கு ஒரு முந்நூறு கிராம் என்று சத்தமில்லாமல் சேரும் கணக்கு இது. மூன்று கிலோ ஏறினால் பதறிப்போய் நடைப்பயிற்சி தொடங்குவார்கள். முந்நூறு கிராமுக்கு யார் பதறுவார்கள்?

கப்பலில் மட்டும் ஏன் இப்படிக் கை நீள்கிறது? மன உறுதி இல்லை என்று தன்னையே திட்டிக்கொள்வது வழக்கம். அதைவிட, கப்பலின் ஏற்பாட்டைக் கவனிப்பது பயன் தரும். கல்யாணப் பந்தியில் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்று முடித்து, "போதும், போதும்" என்று இலைக்கு மேல் கை மறித்தவர், பாயசம் வந்ததும் கையை எடுத்துவிடுவதைப் பார்த்திருப்போம். வயிறு நிறைந்தது உண்மை. பாயசத்துக்கு இடமிருந்ததும் உண்மை. பிரிட்டனில் பார்பரா ரோல்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1981இல் இதை அளந்தே காட்டினார்கள். ஒரே வகை உள்ளீடு வைத்த சாண்ட்விச் கிடைத்தவர்களைவிட, நான்கு வகை உள்ளீடு கிடைத்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். நாக்குக்கு அந்தந்தச் சுவைதான் சலிக்கிறது. புதுச்சுவை வந்ததும் பசி மறுபடி எட்டிப்பார்க்கிறது. நான்கு சாண்ட்விச்சுக்கே இந்தப் பாடு என்றால் நாற்பது வகை பஃபேயைக் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது காசு. டிக்கெட் விலையிலேயே சாப்பாடும் அடங்கிவிடுகிறது. கொடுத்த பணத்துக்குச் சாப்பிடாவிட்டால் நஷ்டம் என்று மனசு கணக்குப் போடும். பொருளியலில் இதற்கு 'மூழ்கிய செலவு' என்று பெயர். கப்பலுக்குப் பொருத்தமான பெயர்தான். பணம் போனது போனதுதான், நான்காவது கேக் துண்டு அதில் ஒரு பைசாவைக்கூட மீட்டுத் தராது.

கடலில் விருந்தும் உடற்பயிற்சியும் ஒன்றாகப் பயணம் செய்வது புதிதல்ல. 1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக்கின் முதல் வகுப்பில் சிப்பியில் தொடங்கி, சால்மன் மீன், ஆட்டுக்கறி, வாத்து, மாட்டுக்கறி, புறா வறுவல் என்று போய், பீச் பழ ஜெல்லியில் முடியும் பத்துச் சுற்று விருந்து நடந்தது. அதே கப்பலில் உடற்பயிற்சிக்கூடமும் இருந்தது. அங்கே மின்சாரத்தில் குலுங்கும் ஒட்டகம் ஒன்று! ஏறி உட்கார்ந்தால் ஒட்டகச் சவாரி மாதிரியே ஆட்டிவிடும். சாப்பிட்டதை ஆட்டிக் கரைத்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு நூறு வயது தாண்டிவிட்டது.

இன்றைய கப்பல்களில் ஒட்டகம் இல்லை, ஓடுபாதை இருக்கிறது. 'குயீன் மேரி 2' கப்பலின் ஏழாம் தளத்தை மூன்று முறை சுற்றினால் 1.1 மைல், அதாவது ஒன்றே முக்கால் கிலோமீட்டர். காலையில் கடற்காற்று முகத்தில் அறைய அங்கே நடப்பது தனிச் சுகம். லிஃப்டுக்குக் கூட்டம் முண்டியடிக்கும் நேரத்தில் படியேறுவது அதைவிடப் பெரிய பயிற்சி. ஆனால் நடந்து நடந்தே பஃபேயை ஈடுகட்டலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

சாப்பாட்டையே கவனிக்கிறவர்கள் கோட்டைவிடும் இடம் கிளாஸ். அன்னாசிச் சாறும் தேங்காய்ப் பாலும் ரம்மும் சேர்ந்த பீனா கொலாடா, நீச்சல்குளத்து ஓரம் குட்டிக்குடை செருகி வரும். பெரிய கிளாஸ் என்றால் 300 கலோரியைச் சுலபமாகத் தாண்டும். இரண்டு சாதா தோசைக்குச் சமம். மதுவில் கிராமுக்கு 7 கலோரி, சர்க்கரையைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஜார்ஜியா ஆய்வில் இருந்தவர்கள் வீட்டில் சராசரியாக வாரத்துக்கு 8 கிளாஸ் குடித்தார்கள், விடுமுறையில் 16. கப்பல்களில் நாளுக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டும் மது பேக்கேஜும் உண்டு. கார்னிவல் நிறுவனத்தின் 'சியர்ஸ்' பேக்கேஜில் 24 மணி நேரத்துக்கு 15 கிளாஸ் என்று வரம்பு போட்டிருக்கிறார்கள். வரம்பே பதினைந்து! மது தொடாதவர்களுக்கும் பழச்சாறு, குளிர்பானம், ஐஸ்கிரீம் குழாய் என்று அதே பொறி வேறு வடிவத்தில் காத்திருக்கிறது.

கப்பலில் அடிக்கடி போய்வருகிறவர்கள் சொல்லும் யோசனைகளில் உருப்படியான ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு பஃபேயை விட்டுவிட்டு மேஜையில் பரிமாறும் பெரிய உணவகத்துக்குப் போவது. மெனு அட்டையில் இருப்பது சில ஐட்டம்தான், வரும் அளவும் சின்னது, ஒன்று முடிந்து அடுத்தது வர நேரமும் ஆகும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச்சேர அந்த இடைவெளி போதும். பழைய முறைப்படி ஒரே மேஜையில் தினமும் உட்கார்ந்தால், இரண்டாம் நாளே வெய்ட்டருக்கு வாடிக்கை தெரிந்துவிடும். சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேட்கலாம், உருளைக்கிழங்குக்குப் பதில் காய் கேட்கலாம். முன்கூட்டியே சொல்லிவைத்தால் உப்பு குறைத்தது, குளூட்டன் இல்லாதது, சர்க்கரை நோயாளிக்கானது என்று தனியாகவே சமைத்துத் தருவார்கள். தலைமை வெய்ட்டர் மறுநாள் மெனுவை முந்தின இரவே கொண்டுவந்து காட்டிக் குறித்துக்கொள்வார். இந்தியச் சைவச் சாப்பாடும் பல கப்பல்களில் உண்டு. பருப்பும் காயும் கொஞ்சம் சாதமும் சொல்லிவிட்டு, பக்கத்து மேஜையில் போகும் இறால் தட்டைப் பெருமூச்சோடு பார்க்கும் குடும்பங்களை எந்தக் கப்பலிலும் பார்க்கலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது எடை சமாச்சாரம் மட்டுமில்லை. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னது. விடுமுறைக்குக் கிளம்பும் ஐம்பது வயதுக்காரர் பையில் மாத்திரை டப்பா இல்லாமல் இருப்பதே அபூர்வம். அவர்களுக்கு எதைச் சாப்பிடுவது என்பதைப்போலவே எதை முதலில் சாப்பிடுவது என்பதும் முக்கியம். நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015இல் 11 நோயாளிகளுக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ரொட்டியும் ஆரஞ்சுச் சாறும் முதலில் சாப்பிட்ட நாளைவிட, காய்கறியும் கோழியும் முதலில் சாப்பிட்ட நாளில், ஒரு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 37 சதவீதம் குறைவு. சின்ன ஆய்வுதான், ஆனாலும் பஃபேயில் செய்து பார்க்கச் செலவில்லாத யோசனை. முதல் சுற்றில் சாலட்டும் மீனோ பருப்போ, ரொட்டிப் பக்கம் அப்புறம்.

மாத்திரை, இன்சுலினைக் கையில் எடுத்துப்போகும் பையில்தான் வைக்க வேண்டும். பெரிய பெட்டி கேபினுக்கு வந்துசேரச் சாயங்காலம்கூட ஆகலாம். கரையில் ஊர் சுற்றக் கிளம்பும்போது பஃபேயிலிருந்து வாழைப்பழத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வதும் நடக்காது. பல நாடுகளின் வேளாண் சட்டப்படி கப்பலிலிருந்து பழம் இறக்கக் கூடாது. சர்க்கரை இறங்கும் பயமுள்ளவர்கள் கடையில் வாங்கிய, பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் வைத்துக்கொள்வது நல்லது.

பஃபே வாசலில் பாடியவரை மறந்துவிட வேண்டாம். கப்பலில் வாந்தியும் பேதியும் பரப்பும் நோரோவைரசுக்குக் கிருமிநாசினி பெரிதாக அஞ்சாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் போகும். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களின் சமையலறையை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. சோதித்து 100க்கு மதிப்பெண் போடுகிறது. 85ஓ அதற்குக் கீழோ வாங்கினால் ஃபெயில். மதிப்பெண்ணை யாரும் பார்க்கலாம். டிக்கெட் போடும் முன் அறை ஜன்னலை ஆராய்கிறவர்கள் இதையும் ஒருமுறை பார்க்கலாம்.

அலையில் தலைசுற்றினால் கப்பல்காரர்கள் பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் தருவார்கள், இஞ்சி மிட்டாயும் கிடைக்கும். சுக்குப் பொடி கொண்டுபோன பாட்டிகள் அங்கே ஜெயித்துவிடுகிறார்கள்.

கப்பல் பயணம் சென்னைக்கும் அந்நியமில்லை. 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைக்க, கோர்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் கிளம்பியது. 1990இல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் பயணம் தொடங்கிய பழைய கப்பல் அது. இந்தியப் பயணிகளுக்காகவே ஓடுவதால் சைவம், ஜைனம் எல்லாம் உண்டு. நம்மூர்ச் சாப்பாடு என்பதால் எடைக்குப் பயமில்லை என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பன்னீர் பட்டர் மசாலாவும் நான் ரொட்டியும் குலாப்ஜாமுனும் வரிசையாக நிற்கும் இடத்தில் குரோசான் எவ்வளவோ தேவலை.

இறங்குவதற்கு முந்தின இரவு கப்பல்களில் ஒரு சடங்கு நடக்கும். பெட்டிகளைக் கட்டி, அட்டை மாட்டி, கேபின் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். ஊழியர்கள் ராவோடு ராவாக எடுத்துப்போவார்கள். காலையில் உடுத்த ஒரு ஜோடித் துணியை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டு, மறுநாள் பைஜாமாவோடு இறங்கியவர்கள் கதை கப்பல்தோறும் உண்டு. விவரமான மனைவி, "ஏங்க, அந்த ஜீன்ஸ் வேண்டாம், எலாஸ்டிக் வச்சதை எடுத்து வைங்க" என்பார். கணவர் கேட்கமாட்டார். ஏறிய நாளில் போட்டு வந்த ஜீன்ஸையே நாற்காலியில் மடித்துப் போட்டுவிட்டு, கடைசி இரவாச்சே என்று ஐஸ்கிரீம் குழாய்ப் பக்கம் ஒரு நடை போய்வருவார்.

காலை ஆறரை மணி. பெட்டி கப்பலின் அடித்தளத்தில் எங்கோ இருக்கிறது. கேபின் கண்ணாடி முன்னால் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தபடி ஒருவர் நிற்கிறார். பித்தானுக்கும் துளைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி.