ஒரே மாரியோ, மூன்று கருவிகள்: ஒப்பீட்டுக் கட்டுரைக்கு ஒரு பயிற்சி

ஈப்போவிலும் தோட்டப்புறங்களிலும் மைக்ரோ ஜீனியஸ் பெட்டியில் மாரியோ விளையாடிய பிள்ளைகள் பலர் இன்று ஆசிரியர்கள். அந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ 1985-இல் ஜப்பானில் ஃபாமிகாம் கருவிக்கு வந்தது. 1986-இல் ஹட்சன் நிறுவனம் ‘ஸ்பெஷல்’ என்ற பெயரில் என்.இ.சி. பி.சி.-8801, ஷார்ப் எக்ஸ்1 ஆகிய வீட்டுக் கணினிகளுக்கு ஒரு பதிப்பை வெளியிட்டது.

ஃபாமிகாமில் காட்சி வழுக்கிக்கொண்டே நகரும். அந்த வசதி கருவியிலேயே உண்டு. கணினிப் பதிப்புகளில் திரையின் ஓரத்தைத் தொட்டால்தான் அடுத்த காட்சி, பக்கம் புரட்டுவதுபோல. ஓரத்துக்கு அப்பால் பள்ளம் இருந்தால்? என்ன இருக்குன்னே தெரியாம குதிக்கணும்! நிறத்தில் எக்ஸ்1 பதிப்பு மூலத்துக்குக் கிட்ட வரும், பி.சி.-8801-இல் நிறங்கள் குறைவு.

வகுப்பில் செய்ய: மாஜோங் தாளில் நீளமான பாதை வரைந்து, அட்டையில் சன்னல் வெட்டுங்கள். ஒரு குழு சன்னலை மெல்ல நகர்த்தட்டும். மற்றது சன்னல் அகலத்துக்கு ஒரேயடியாகத் தள்ளட்டும். எதில் தடுமாறினார்கள் என்று 5 வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். “பழைய கம்ப்யூட்டர், அதான் மோசம்” என்று எழுதினால் விட்டுவிடாதீர்கள்; ‘ஏன்?’ என்று கேளுங்கள். காரணமும் வந்தால்தான் அது ஒப்பீடு.