ஜனாஸாவுக்கு முந்திய கடமை

 

நம் மஹல்லாவில் ஒரு மவ்த் நேர்ந்துவிட்டால் என்ன நடக்கிறது என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்த சற்று நேரத்திற்குள் அந்த வீட்டு வாசலில் நாற்காலிகள் வந்து இறங்கிவிடுகின்றன. மையித்தைக் குளிப்பாட்டத் தெரிந்தவர் வருகிறார். கபன் துணி வருகிறது. கப்ரு வெட்ட ஆள் போகிறது. பக்கத்து வீட்டு அடுப்பில் துக்க வீட்டாருக்காக உலை ஏறுகிறது. கடையை அடைத்துவிட்டு வருவோரும், இறந்தவரின் முகத்தை அறியாதபோதும் சந்தூக்குக்குத் தோள் கொடுக்க முந்துவோரும் நம்மிடையே ஏராளம். யாரும் யாருக்கும் கட்டளையிடுவதில்லை. ஆயினும் எல்லாம் ஒழுங்காக நடந்தேறிவிடுகின்றன. இது நம் சமுதாயத்திற்கு அல்லாஹ் அருளிய பெரும் பாக்கியம்.

ஆனால் அந்த மவ்த்துக்கு முந்திய ஆறு மாதங்களில் நாம் எங்கே இருந்தோம்? அந்த மனிதர் படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தபோது, இதே தெருவில் வாழும் நம்மில் எத்தனை பேர் அந்த வாசற்படியை மிதித்தோம்? இக்கேள்வியை உங்கள் முன் வைப்பதற்கு முன்னால் என்னிடமே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவனாக இருக்கிறேன்.

நான் சொன்ன பதில்

சில ஆண்டுகளுக்கு முன்னர், மதரஸாவில் என்னிடம் ஓதும் மாணவன் ஒருவன் மக்ரிபுக்குப் பின் வந்து, "ஹஜ்ரத், எங்க அப்பாவுக்கு ரொம்ப முடியலை. யாஸீன் ஓத உங்களைக் கூட்டி வரச் சொன்னாங்க வாப்பா" என்று அழைத்தான். பாட்டனாரை 'அப்பா' என்றழைப்பது எங்கள் பகுதி வழக்கம். சென்று பார்த்தேன். எழுபதைக் கடந்த பெரியவர். புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவியிருந்தது. "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்று மருத்துவமனையில் அனுப்பிவிட்டிருந்தார்கள். நான் ஓதிக்கொண்டிருக்கையில் அவர் தலையணை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடந்தார்.

ஓதி முடித்ததும் என் கையைப் பற்றிக்கொண்டு, "ஹஜ்ரத், சீக்கிரம் மவ்த்தைத் தா என்று அல்லாஹ்விடம் கேட்கலாமா?" என்றார்.

"கேட்கக் கூடாது, பெரியவரே. நோவின் காரணமாக மவ்த்தை ஆசைப்படுவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஸபூர் செய்யுங்கள். இந்த நோவு உங்கள் பாவங்களை உதிர்த்துவிடும்" என்றேன்.

நான் கூறியதில் மார்க்கப் பிழை ஒன்றுமில்லை. ஆயினும் அவர் என்னிடம் கேட்டது மார்க்கச் சட்டத்தை அல்ல என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. வலி தாங்க முடியவில்லை என்பதைத்தான் அந்தப் பெரியவர் அச்சொற்களில் கூறினார். நானோ பத்வா கூறிவிட்டு, தேநீர் அருந்திவிட்டு, எழுந்து வந்துவிட்டேன். பதினோராம் நாள் அவர் வபாத்தானார். அவருடைய சந்தூக்கைச் சுமந்தவர்களில் நானும் ஒருவன்.

அந்த வலியைத் தணிக்க உலகில் மருந்து இருந்தது என்பதை அதன் பின்னரே அறிந்துகொண்டேன். அறிந்தது முதல் என் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. ஆகவேதான் இதனை எழுதுகின்றேன்.

செய்வதற்கு ஒன்றுமில்லையா?

நோயைக் குணப்படுத்த முடியாமற் போகலாம். ஆனால் நோயாளியைப் பேணுவதற்கு முடியாத காலம் என்று ஒன்று கிடையாது. இந்த உண்மையின் மீது எழுந்ததே 'ஹாஸ்பைஸ்' என்றும், நோய்த் தணிப்புச் சிகிச்சை என்றும் இன்று வழங்கும் மருத்துவப் பணி. செவிலியாகப் பணி தொடங்கிப் பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி 1967ஆம் ஆண்டு லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்னும் இல்லத்தை நிறுவினார். வலி வந்து நோயாளி கதறிய பிறகு மருந்து கொடுப்பதை விட, வலி தலைதூக்காத வண்ணம் வேளை தவறாமல் கொடுத்து வருவதே முறை என்பதை அவர் நிலைநாட்டினார். உடலின் வலியோடு, மனத்தின் வலியும், குடும்பக் கவலையும், ஆன்மாவின் தவிப்பும் சேர்ந்ததே ஒரு நோயாளியின் முழு வலி என்பது அவர் உலகிற்குக் கற்றுத்தந்த பாடம். 2005ஆம் ஆண்டு தாம் நிறுவிய அதே இல்லத்திலேயே அவர் காலமானார். நம் நாட்டில் இத்தகைய முதல் இல்லம் 1986ஆம் ஆண்டு மும்பையில் 'சாந்தி அவேத்னா' என்ற பெயரில் தொடங்கப்பட்டது.

கடும் புற்றுநோய் வலிக்குக் கைகண்ட மருந்து மார்ஃபின். மாத்திரையாக வாயிலேயே விழுங்கக் கூடியது. "அது அபினிலிருந்து எடுக்கப்படுவதாயிற்றே, ஹராம் இல்லையா?" என்று நம்மவர் தயங்குவதுண்டு. போதைக்காக உண்பது ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வேறு மருந்தால் தணியாத வலிக்கு, தேர்ந்த மருத்துவர் அளந்து தரும் அளவில் உட்கொள்வதை, 'நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் அனுமதிக்கும்' என்னும் சட்ட விதியின் கீழ் மார்க்க அறிஞர்கள் அனுமதித்துள்ளார்கள். முறையாகக் கொடுக்கப்படும்போது அது நோயாளியைப் போதைக்கு அடிமையாக்குவது அரிது. உயிரைப் பறிக்கும் மருந்தும் அன்று. மலச்சிக்கல் உண்டாக்கும், அதற்கும் மருத்துவர் மருந்து தருவார். வலி தணிந்த நோயாளி தெளிந்த நாவோடு கலிமா சொல்லலாம்; மக்களிடம் மனம் விட்டுப் பேசலாம்; தொழலாம். வலியில் துடிப்பவருக்கு இவற்றில் எது கைகூடும்?

இத்தனை எளிய மருந்து நம் மக்களுக்கு எட்டாமற் போனதற்கு ஒரு காரணம் உண்டு. போதைப் பொருள்களைத் தடுக்க 1985ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின் கடுமையால் மருத்துவமனைகளும் அதனை வாங்கி வைக்க அஞ்சின. 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே வழி எளிதாயிற்று. மரணத் தறுவாயில் இருப்போர் எவ்வாறு பேணப்படுகிறார்கள் என்று 2010ஆம் ஆண்டு 40 நாடுகளை ஒப்பிட்டு வெளியான ஆய்வில் இந்தியாவுக்குக் கிடைத்த இடம் கடைசி இடம்! ஆனால் அதே ஆய்வு, இந்தியாவின் ஒரு மூலையை மட்டும் விதிவிலக்காகச் சுட்டிப் பாராட்டியது. அது நமக்கு அண்டை மாநிலமான கேரளம்.

மலப்புறம் காட்டிய வழி

1993ஆம் ஆண்டு கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலி தணிக்கும் ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார்கள். விரைவிலேயே அவர்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. மிகவும் துன்புறும் நோயாளியால் மருத்துவமனைக்கு வரவே இயலாது. ஆகவே மருத்துவரும் செவிலியரும் வீடு தேடிப் போகத் தொடங்கினர். அதிலும் ஒரு குறை இருந்தது. செவிலி வந்து போகும் நாள் தவிர மற்ற நாள்களில் அந்த நோயாளிக்கு யார் துணை?

'அண்டை வீட்டார்' என்பதே இதற்கு மலப்புறம் மாவட்டம் கண்ட விடை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அம்மாவட்டத்தில், 1990களின் இறுதியிலிருந்து ஊர் தோறும் தொண்டர் குழுக்கள் எழுந்தன. ஆசிரியர், வணிகர், ஓட்டுநர், மாணவர், இல்லத்தரசி என்று பல தரத்தாரும், முஸ்லிம்களோடு இந்துக்களும் கிறிஸ்தவர்களும், வாரத்தில் இரண்டு மணி நேரமேனும் இதற்கென ஒதுக்கினார்கள். புண்ணைத் துடைத்துக் கட்டவும், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கவும், குறுக்கிடாமல் அவர் பேச்சைக் கேட்கவும் பயிற்சி பெற்றார்கள். செல்வந்தர் ஒருவரின் கொடையை நம்பாமல், பலர் தந்த சிறு சிறு தொகைகளால் பணி நடந்தது. உழைப்பவர் படுக்கையில் விழுந்த வீட்டுக்கு அரிசியும், பிள்ளைகளின் படிப்புக்கு உதவியும் தேடித் தந்தார்கள். புற்றுநோயாளிகளுக்கென்று தொடங்கிய பணி, பக்கவாதத்தால் முடங்கியோருக்கும் முதுமையால் தளர்ந்தோருக்கும் விரிந்தது. 2008ஆம் ஆண்டு கேரள அரசே இதனைத் தன் கொள்கையாக அறிவித்தது. ஊராட்சிகளின் வாயிலாகச் செவிலியர் வீடு தேடி வரும் ஏற்பாடு அங்கு மாநிலம் முழுவதும் பரவியது.

இது நமக்குப் புதியதா? கெய்ரோ மாநகரில் சுல்தான் கலாவூன் 1284ஆம் ஆண்டு எழுப்பிய மருத்துவமனை, ஆணென்றும் பெண்ணென்றும், ஏழையென்றும் செல்வரென்றும் பாராமல் நோயாளிகளை ஏற்றுப் பேணியது. வக்ஃபு சொத்தின் வருவாயே அதன் முதல். நம் முன்னோர் செய்த காரியத்தின் மறு தோற்றமே மலப்புறத்தில் நாம் காண்பது.

நபிகளாரின் இறுதி நாள்கள்

மேலும் ஒரு முன்மாதிரி நமக்கு உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதி நோயில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்திலேயே பேணப்பட்டார்கள். கடைசி வேளையில் அன்னையின் சகோதரர் கையில் மிஸ்வாக் குச்சியோடு உள்ளே வந்தபோது, நாயகத்தின் பார்வை அதன் மீது சென்றது. அந்தப் பார்வையிலிருந்தே விருப்பத்தை அறிந்துகொண்ட அன்னையவர்கள், அதனை வாங்கி மென்மையாக்கித் தந்தார்கள். அருகில் ஒரு பாத்திரத்தில் நீர் இருந்தது; நாயகம் (ஸல்) அவர்கள் அதில் கையை நனைத்து முகத்தைத் தடவிக்கொண்டார்கள். அதே நோயின்போது, வேண்டாம் என்று சாடை காட்டியும் தமக்கு மருந்து புகட்டப்பட்டதை அவர்கள் பின்னர் கடிந்துகொண்டார்கள் என்பதையும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம்.

சிந்தியுங்கள்! நோயாளியின் கண் பேசுவதை அறிவது, உலர்ந்த வாய்க்கு இதம் தருவது, அவர் விரும்பாததைத் திணிக்காமல் இருப்பது ஆகிய மூன்றையும் அந்த ஒரே அறையில் நமக்குக் கற்பித்துவிட்டார்கள். அன்னையவர்கள் பார்வையிலேயே அறிந்துகொண்டார்கள். எனக்கோ அந்தப் பெரியவர் வாய் திறந்து கூறியும் விளங்கவில்லை!

வீட்டில் செய்யத்தக்கவை

எழுந்திருக்க இயலாதவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் புரட்டிப் படுக்க வையுங்கள். முதுகும் இடுப்பும் குதிகாலும் ஈரமின்றி இருக்கட்டும்; படுக்கைப் புண் வந்தபின் ஆற்றுவதை விட வராமற் காப்பது எளிது. நனைத்த மெல்லிய துணியால் உதட்டையும் வாயையும் அடிக்கடி துடையுங்கள். இறுதிக் காலத்தில் பசி குறைவது உடலின் இயல்பு. "இரண்டு வாயாவது சாப்பிடுங்கள், உம்மா" என்று பாசத்தோடு ஊட்டலாம். மறுத்தால் வற்புறுத்தாதீர்கள், திணித்த கஞ்சி மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் ஆபத்து.

வுளூச் செய்ய முடியாவிடில் தயம்மும் உண்டு. நின்று தொழ இயலாதவர் இருந்தும், இருக்க இயலாதவர் படுத்தும் தொழலாம். இதனை எடுத்துக் கூறாததால், 'என் தொழுகை போய்விட்டதே' என்று ஏங்கியபடியே கிடக்கும் முதியோர் பலர். கடன், அமானிதம், வஸிய்யத் ஆகியவற்றைத் தெளிவு இருக்கும்போதே பேசச் செய்யுங்கள். யாரிடம் மன்னிப்புக் கோர விழைகிறாரோ, அவரை அழைத்து வாருங்கள். ஸகராத் வேளையில் கலிமாவை மென்மையாக அவர் காதில் விழச் சொல்லுங்கள். "சொல்லுங்கள், சொல்லுங்கள்" என்று பத்துப் பேர் சூழ்ந்து நெருக்குவது முறையன்று.

பேணுபவரையும் மறந்துவிடாதீர்கள். மகன் வளைகுடாவில், மாதந்தோறும் பணம் வருகிறது, தொலைபேசியில் நலம் விசாரிக்கப்படுகிறது. இரவில் விழித்திருப்பவளோ மருமகள் ஒருத்தி. பெற்றோரில் ஒருவரோ இருவருமோ முதுமையை அடைந்தால் அவர்களிடம் 'சீ' என்று கூடச் சொல்லக் கூடாது என்னும் பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் கட்டளை முதலில் பிள்ளைகளை நோக்கியது. அந்தப் பெண் ஓர் இரவு உறங்குவதற்காக நாம் சென்று நோயாளியின் அருகில் அமர்ந்தால், அது நோயாளிக்குச் செய்த தொண்டாகவும் ஆகும்.

மஹல்லாவின் பொறுப்பு

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேருக்கு மேல் 60 வயதை எட்டியவர்கள். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்போரை வீடு தேடி வந்து கவனிப்பதும் அடங்கும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சென்று விசாரியுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத் நிர்வாகிகள் ஒரு பட்டியல் எடுக்கட்டும்: நம் தெருக்களில் படுக்கையில் இருப்போர் யார்? அவரைப் பேணுபவர் யார்? ஆண்களிலிருந்து ஐவர், பெண்களிலிருந்து ஐவர் முன்வந்தால் தொடக்கத்திற்கு அது போதும். பள்ளிவாசலில் சந்தூக்கு இருப்பது போல், கடன் தருவதற்கென்று ஒரு சக்கர நாற்காலியும், ஒரு காற்று மெத்தையும் இருக்கட்டும். முஸ்லிமல்லாத அண்டை வீட்டாரின் பெயரும் அப்பட்டியலில் இடம் பெறட்டும். தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் அவன் வீடு தேடிச் சென்றதை மறவாதீர்கள்.

நோயுற்ற அடியானை நாம் சென்று பார்த்திருந்தால் இறைவனையே அங்கே கண்டிருப்போம் என்னும் கருத்துடைய ஹதீஸ் குத்ஸியை நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். கற்பிக்கும்போதெல்லாம் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்த அந்த முகம் என் முன்னே வந்து நிற்கிறது.

இப்போதும் யாஸீன் ஓத என்னை அழைக்கிறார்கள். போகிறேன். கிதாபைத் திறப்பதற்கு முன் நோயாளியின் கையைப் பற்றிக்கொண்டு, "எங்கே வலிக்கிறது? இரவு தூக்கம் வந்ததா?" என்று கேட்கிறேன். பதிலை முழுதாகக் கேட்ட பிறகே ஓதத் தொடங்குகிறேன். நீங்களும் அவ்வாறு ஒரு வாசற்படியை இந்த வாரமே மிதிப்பீர்களாக!

நம் முதியோரின் இறுதி நாள்களை இதமானவையாகவும், நம் முடிவை ஈமானோடும் ஆக்கி வைக்க வல்ல ரஹ்மான் அருள் புரிவானாக! ஆமீன்.