நாற்சார் வீடுகளை அழிய விடலாமா?

யாழ்ப்பாணத்தின் கட்டடச் சிறப்பு என்றதும் கோட்டையையும் பொது நூலகத்தையுமே பலரும் சுட்டுவர். ஐங்கோணக் கோட்டை போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரித்துக் கட்டியது. 1959 இல் திறக்கப்பட்டு 1981 இல் எரியூட்டப்பட்ட நூலகமோ சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் கைவண்ணம். நம்மவர் தாம் குடியிருப்பதற்கெனத் தாமே கட்டியதைக் காண வேண்டுமாயின் நகரை விட்டுப் பலாலி வீதியால் சென்று, உரும்பிராய் போன்ற செம்மண் கிராமங்களின் ஒழுங்கைகளுள் நுழைய வேண்டும். அங்கு எஞ்சியிருக்கும் நாற்சார் வீடுகளே நமது கட்டடக் கலையின் உண்மையான சான்றுகள்.

நடுவே வானம் பார்த்த முற்றம். அதனைச் சூழத் தூண்கள் தாங்கும் விறாந்தை. விறாந்தைக்கு அப்பால் அறைகள். இதுவே நாற்சார். கூரையின் உட்சரிவுகள் நான்கும் மழைநீரை முற்றத்துக்கே இறக்கிவிடும். வெப்பக் காற்று முற்றத்தின் வழியே மேலெழ, அறைகள் குளிர்ந்திருக்கும். ஆறில்லாக் குடாநாட்டில் நிலத்தடிச் சுண்ணக்கல்லே சுவருக்குக் கல்லாகவும், சூளையில் வெந்து சாந்தாகவும் உதவியது. வைரமேறிய பனை வளையும் சிலாகையுமாயிற்று. 1865 இல் மங்களூரில் பாசல் மிசனரிமார் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவிய பின்னர், வசதி படைத்தோர் வீடுகளில் ஓலைக்குப் பதிலாக ஓடு ஏறியது. கேரளத்து நாலுகெட்டும் செட்டிநாட்டு வீடும் இதற்கு உறவுமுறை எனலாம்.

வீட்டுக்கு முன்னே ஒழுங்கையோரம் சங்கடப் படலை. கூரை வேய்ந்த அவ்வாயிலின் இருமருங்கும் திண்ணையும், வழிப்போக்கர் தாகம் தணிக்கத் தண்ணீர்ப் பானையும் இருக்கும். படலை, தலைவாசல், திண்ணை, உள்முற்றம் என்று வருவோர் படிப்படியாகவே உள்ளே அனுமதிக்கப்பட்டனர். எவர் எப்படியோடு நிற்க வேண்டும் என்பதைச் சாதியும் தீர்மானித்தது. அதை மறைத்துப் பழம்பெருமை பேசுவதில் பயனில்லை. வீட்டைக் காப்பது வேறு. அவ்வழக்கத்தைக் காப்பது வேறு.

இவ்வீடுகளைப் போர் மட்டும் அழிக்கவில்லை. 1987 இன் சண்டைகளும், 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே பெயர்ந்த பேரிடரும் ஏராளமான கூரைகளைக் கொண்டுபோயின என்பது உண்மையே. ஆனால் சீதனமாகப் பெண்மக்களுக்குப் பிரிக்கப்பட்ட வளவுகளில் ஒரே முற்றத்தின் குறுக்கே சுவர் எழுந்தமை போருக்கு முன்பே தொடங்கியது. உரித்தாளர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிதறியிருக்க, ஓடு மாற்றவும் ஆளில்லாத வீடு ஓரிரு மாரியிலேயே ஒழுகத் தொடங்கிவிடும். பின்னர் வெளிநாட்டுப் பணம் வரும். அது பெரும்பாலும் பழையதை இடித்துக் கொங்கிறீற் மாடி எழுப்புவதற்கே வரும்.

சட்டமும் கைகொடுப்பதாயில்லை. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 க்கு முற்பட்டவற்றையே பண்டைய கட்டடங்களாகக் கொள்கிறது. பிந்தியவற்றைத் தனித்தனியே பிரகடனம் செய்ய வேண்டும். நாற்சார் வீடுகளிற் பெரும்பாலானவை அந்த எல்லைக்கு இப்பாலே நிற்கின்றன. செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014 இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்துவிட்டன. நம்மிடமோ எந்தக் கிராமத்தில் எத்தனை வீடுகள் எஞ்சியுள்ளன என்ற முழுமையான கணக்கெடுப்பைத்தானும் காணோம்.

எல்லா வீடுகளையும் காப்பாற்ற இயலாது; வாழ்பவரின் தேவையும் நியாயமானதே. எனினும் புதிய வீட்டுக்கு வரைபட அனுமதி கோரும்போது, இடிக்கப்படவுள்ள பழைய வீட்டின் அளவுகளையும் புகைப்படங்களையும் ஒப்படைக்குமாறு பிரதேச சபைகள் கேட்கலாம். அவற்றைத் தொகுத்துப் பேண யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் முன்வர வேண்டும். இதற்குப் பெருநிதி தேவையில்லை. ஓர் அளவுநாடாவும் ஒரு பிற்பகலும் போதும்.