பப்புக்கு வந்த விஞ்ஞானிகள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் எழுதிய மென்பொருளை ஒரு கணக்காளர் பயன்படுத்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆறு மாசமா கோட் எழுதியும் புரியாத விஷயம் அரை மணி நேரத்தில் புரிந்தது. யாருக்காக வேலை செய்கிறோமோ, அவரை நாம் பார்ப்பதே இல்லை!

விஞ்ஞானிகளுக்கும் இதே சிக்கல் உண்டு. பார்க்கின்சன் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் வருவது. இதை ஆராய்கிறவர் வருடக்கணக்கில் நுண்ணோக்கியில் செல்களைப் பார்ப்பார். ஒரு நோயாளியோடு உட்கார்ந்து பேசும் வாய்ப்பு வராமலே போகலாம். நோயாளிக்கும் தன் டாக்டரைத் தெரியும். தன் நோயை ஆராய்கிறவரைத் தெரியாது.

2012இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆய்வாளர்கள் மைக்கேல் மாட்ஸ்கினும் பிரவீன் பாலும் இந்த இரண்டு தரப்பையும் சந்திக்க வைத்தார்கள். பார்க்கின்சன், அல்சைமர் போன்ற நோய்களால் பாதிக்கப்பட்டவர்களை ஆய்வகத்துக்கே கூப்பிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டினார்கள். அங்கே கிடைத்த வரவேற்பைப் பார்த்ததும் அடுத்த யோசனை வந்தது: மக்கள் ஆய்வகத்துக்கு வருகிறார்கள் என்றால், நாம ஏன் மக்கள் இருக்கிற இடத்துக்குப் போகக் கூடாது? 2013 மே மாதம் லண்டன், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் நகரங்களில் பப்புகளில் விஞ்ஞானிகள் பேசினார்கள். 'பைன்ட் ஆஃப் சயின்ஸ்' பிறந்தது இப்படித்தான். இப்போது பல நாடுகளில் ஒவ்வொரு மே மாதமும் நடக்கிறது.

மக்களுக்கு அறிவியல் சொல்வது புதுசு இல்லை. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் 1825இலேயே தொடங்கிவிட்டன. மைக்கேல் ஃபாரடே மட்டும் 19 வருடம் அவற்றை நடத்தினார். ஆனால் அங்கே பேசுகிறவர் மேடையில், மற்றவர்கள் இருக்கையில். 1998இல் லீட்ஸ் நகரில் டங்கன் டல்லாஸ் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர் 'கஃபே சயின்டிஃபீக்' தொடங்கினார். விஞ்ஞானி கொஞ்ச நேரம்தான் பேசுவார். ஒரு இடைவேளை. மிச்ச நேரம் முழுக்கக் கேள்வி.

அந்தக் கேள்வி நேரம்தான் முக்கியம்னு எனக்குத் தோணுது. "பார்க்கின்சனுக்கு மருந்து கண்டுபிடிப்பு" என்று ஒரு செய்தி வந்தால், வீட்டில் நோயாளி இருக்கிறவர் அன்று ராத்திரி தூங்கமாட்டார். பல சமயம் அது எலியில் செய்த சோதனையாக இருக்கும். செய்தித்தாளிடம் நாம் திருப்பிக் கேட்க முடியாது. எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளரிடம் கேட்கலாம்: "இது எலிக்கா, மனுஷனுக்கா? மனுஷனுக்கு வர என்னென்ன தாண்டணும்?" "இன்னும் தெரியாதுங்க" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் பொய் நம்பிக்கையில் பணத்தையும் காலத்தையும் தொலைக்காமல் அது காப்பாற்றும்.

நம்ம ஊரிலும் பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினத்தையொட்டிப் பல ஆய்வு நிறுவனங்கள் பொதுமக்களை உள்ளே விடுகின்றன. போனால் வேடிக்கை பார்த்துவிட்டு மட்டும் திரும்பாதீர்கள். ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு வாருங்கள்.